முப்பத்துமூன்று என்ஜினும் எங்கள் ஆறு மிசினும்

பிள்ளைகளே, போன கிழமை கைபேசியில் பார்த்த அந்த ரொக்கெட்டுக்கு அடியில் முப்பத்துமூன்று என்ஜின்கள். திரையின் மூலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி. மேலே போகும்போது ஒரு புள்ளி அணைந்துவிட்டது. மூத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இனி விழுந்திடுமோ?" என்று கேட்டாள். விழவில்லை. மற்றவை அதன் பாரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயின.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. பிறகு அதைப்பற்றித் தேடி வாசித்தேன். முந்தி ரஷ்யாக்காரர் சந்திரனுக்குப் போகவென்று முப்பது என்ஜின் வைத்து ஒரு ரொக்கெட் கட்டினார்களாம். முதல் தரம் ஏவியபோது, கோளாறைக் கண்டால் நிறுத்தவென்று வைத்த கருவியே பிழையாக விளங்கி, நன்றாக எரிந்துகொண்டிருந்தவற்றையும் நிறுத்தி, ரொக்கெட்டையே விழுத்திவிட்டதாம். அதை வாசித்த பிறகு எனக்கு மனம் சரியில்லை.

நீங்கள் சிறிசாக இருந்தபோது ஒரு வெயில்காலச் சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் துரிசு மதகுக்குக் கீழே இறங்கிவிட்டது; தானாக வாய்க்காலுக்குப் பாயாது. நெல் குடலைப் பருவம், கதிர் தண்டுக்குள் இருந்தது. அந்த நாட்களில் தண்ணீர் கிடைக்காவிட்டால் கதிர் முழுக்கப் பதர்தான். ஆறு குடும்பங்கள் சேர்ந்து, தண்ணீர் இறைக்கும் மிசின்கள் ஆறையும் குளத்துக்குள் இறக்கி ஒரே வாய்க்காலில் இறைத்தோம். தனி ஒரு மிசினின் தண்ணீரைக் காய்ந்த வாய்க்காலே குடித்துவிடும். முந்திய வருடம் மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்கத் தங்கள் மிசினை நிறுத்திவிட்டு மற்றவர்கள் இறைத்த தண்ணீரை எடுத்தவர்களால் சண்டை வந்ததால், பிள்ளையாருக்கு முன் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்திருந்தோம்: ஒருவருடைய மிசின் நின்றால் எல்லாரும் நிறுத்த வேண்டும்.

நின்றது பக்கத்து வயல்காரருடையது. அவருடைய தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். "மலை மிசின், வன்னி வெயிலுக்குக் களைச்சுப்போச்சு" என்று ஒருவர் பகிடி விட்டார். அவரும் சிரித்தார். கழற்றிப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. அதற்கான சாமான் கிளிநொச்சிக் கடைகளில் இல்லை, வவுனியாவிலிருந்து வரவேண்டும் என்றார்கள்.

அவர் எங்களிடம் வந்து, "எனக்காக நிக்க வேணாம் அண்ணே. நீங்க அஞ்சு பேரும் இறைங்க. என் வயலு போனா போகட்டும்" என்றார்.

எங்களில் மூத்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. "உம்மட பயிர் காய, நாங்கள் எங்கட வயலுக்குத் தண்ணி விடுறதோ? சத்தியம் செய்தது விளையாட்டுக்கே, தம்பி?"

எல்லாரும் ஓம் என்றோம். நானும்தான். அது பெரிய நியாயமாகத் தெரிந்தது. மற்ற ஐந்தும் இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் அவருடைய வயலுக்கும் தண்ணீர் போயிருக்கும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல மிசின்கள் ஐந்தும் குளத்துக்குள் சும்மா கிடந்தன. சாமான் வந்து சேர்ந்தபோது குளம் வெயிலில் வற்றி, இருந்தது சேறு மட்டும்தான்.

காய்ந்துபோன ஆறு வயல்களுக்குள்ளும் மாடுகளை அவிழ்த்துவிட்டோம்.

ஒருவரும் அவரை ஏசவில்லை. அவர் வீடு வீடாக வந்து மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தோம். ஆனால் அதன் பிறகு அவர் குளக்கட்டால் வருவதில்லை. எங்களைக் காணாமல் சுற்றுப் பாதையால் போவார். கொஞ்ச நாளில் மனைவி பிள்ளைகளோடு வவுனியாப் பக்கம் கூலி வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த மாரிக் காலபோகத்துக்கு மழை நன்றாகப் பெய்தது, குளமும் நிரம்பியது. ஐந்து வயல் விதைத்தோம்.