அண்ணாச்சி கொண்டுவந்த மருந்து மசோதா

குற்றாலலிங்கம் அண்ணாச்சி காலமான செய்தியை, புளியங்குடியிலிருந்து எலுமிச்சங்காய் ஏற்றிவந்த லாரி டிரைவர்தான் தென்காசியில் என் வைத்தியசாலை வாசலில் நின்று சொன்னார். "அண்ணாச்சி போயிட்டாக டாக்டர். மத்தியானம் சாப்பிட்டுட்டு நாற்காலியில உக்காந்தாக. அப்படியே சாஞ்சிட்டாக." கேட்டதும் நான் அழவில்லை. "காலையில ஏதும் மருந்து சாப்பிட்டாகளா?" என்றுதான் கேட்டேன். டிரைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணாச்சியை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். எதையும் சந்தேகப்படாமல் எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது. அவரையும் கடைசிவரை சந்தேகப்பட்டுக்கொண்டேதான் நேசித்தேன்.

புளியங்குடியில் எலுமிச்சங்காய்க் கமிஷன் மண்டி வைத்திருந்தவர், சென்னையில் மேல்சபை உறுப்பினரானார். அதில் யாருக்கும் வியப்பில்லை. பேச்சிலே அவரை யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவரப்போவதாகச் சொன்னபோது தென்காசியே சிரித்தது. புதிய மருந்துகளை அரசு ஆஸ்பத்திரிகளில் விரைவாகச் சோதித்து நோயாளிகளுக்குக் கொடுக்க அந்த மசோதா வழி செய்யுமாம். எலுமிச்சங்காய்க்காரருக்கு மருந்துச் சட்டம் எதற்கு? சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று நானும் சொன்னேன். மசோதாவை வாங்கிப் படித்ததும் சந்தேகம் இன்னும் வளர்ந்தது. சோதனைக்கு அனுமதி கேட்டு மனுப்போட்டு, குறித்த கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. நம் அலுவலகங்களில் எந்த மனுவுக்குக் கெடுவுக்குள் பதில் வந்திருக்கிறது? கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டுப் போடுகிற கதைதான்.

அந்த வருடச் சாரல் காலத்தில் குற்றாலத்தில் அவர் எடுத்திருந்த பங்களாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி வந்து தங்கினார். சென்னைக்காரர். நோயாளிகளின் துயரத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை எனக்கு நினைவுக்கு வந்தது. மறுநாள் ஐந்தருவியில் எண்ணெய் வழிய நின்றுகொண்டு அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"அந்த ஆளு உங்களுக்கு என்ன தாரான் அண்ணாச்சி?"

"சந்தேகப் பிராணிவே நீரு. இந்தத் தண்ணி மூலிகைக்குள்ள விழுந்து வருதுன்னு ஊரே தலையைக் கொடுக்கு. யாராவது சோதிச்சுப் பாத்தாங்களா?"

"புதுத் தண்ணி வந்தா பிள்ளையையா முதல்ல நிறுத்துதோம்? பெரியவன் ஒருத்தன் தலையைக் கொடுத்து, கல்லு கட்டை வரலன்னு பாத்துட்டுத்தானே பிள்ளையைக் கூப்பிடுதோம்?"

அவர் பேச்சை அப்படியே விட்டுவிட்டு அருவிக்குள் தலையைக் கொடுத்தார். எந்த வாதத்தையும் அவர் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை என்பதால், அதையும் சந்தேகத்தோடுதான் குறித்துக்கொண்டேன்.

அவருடைய அவசரத்தின் காரணம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவருடைய ஒரே மகள் கோமதிக்குக் காசநோய். பழைய ஊசிகள் சில காலம் கேட்டன, பிறகு கேட்கவில்லை. வைத்தியம் பார்த்தவன் நான்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், என்னைக் கண்டால் மட்டும் எழுந்து உட்கார்ந்து கேலி பேசுவாள். "ஊர்ல எல்லாரும் பிள்ளைக்கு மருந்துக்கடையில மருந்து வாங்குதாக. எங்க அப்பா சட்டசபையில வாங்கப் போயிருக்காக மாமா" என்பாள். சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தே சிரிப்பாள்.

சாரல் முடியும் சமயத்தில் அண்ணாச்சி ஒரு புட்டியோடு வந்தார். கம்பெனிக்காரர் கொடுத்த புது மாத்திரை. இங்கே இன்னும் அனுமதி இல்லை. இதைச் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். குணமானவர்களின் கதையை மட்டும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்களைப் பற்றித் தெரியாமல் கொடுக்கமாட்டேன் என்றேன். "உம்ம பிள்ளையா இருந்தா?" என்றார். "அப்பவும் மாட்டேன்" என்றேன். புட்டியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார். கோமதிக்குக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்து, ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அடிக்கடி அந்த வீட்டுக்குப் போய் அவள் கண்ணையும் நாக்கையும் பார்த்துவந்தேன். அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம்தான் அந்தக் கறுப்புக் கண்ணாடி வந்தது. ஆய்க்குடியில் ஒரு கல்யாணத்துக்கு, பந்தலுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கம்பெனிக்காரன் சீமையில இருந்து வாங்கிக் கொடுத்தது" என்று பந்தி முழுக்க ஒரே பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இலையில் வைத்ததெல்லாம் வைத்தபடியே இருந்தது. சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லஞ்சம் வாங்கியவனுக்குப் பசி போகாது. கைகழுவும் இடத்தில் பிடித்துக்கொண்டு, கேட்காமலே கண்ணாடியைக் கழற்றினேன். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

"அந்த மாத்திரையா?"

"நீருதானே சொன்னீரு, பெரியவன் முதல்ல தலையைக் கொடுக்கணும்னு. கொடுத்துப் பாத்தேன்."

நான் ஓர் உவமை சொல்ல, அவர் அதையே வைத்தியமாக எடுத்துக்கொண்டார். அருவியில் தலையைக் கொடுத்துப் பழகிய ஊர்க்காரனைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு புத்தி போகாது. நல்ல உடம்புக்காரன் ஒருவன் விழுங்கிப் பார்ப்பது சோதனையே ஆகாது என்று அங்கேயே சத்தம் போட்டேன். உடனே அடுத்த சந்தேகம் எழுந்தது. மசோதா விவாதத்துக்கு வருகிற நேரம். ஏன் கண்ணை மறைத்தார்?

"சபையில இதைச் சொல்லுவியளா அண்ணாச்சி?"

"சொன்னா மசோதா செத்துரும். மசோதா செத்தா கோமதிக்கு எப்ப மருந்து வரும்வே?"

"சொல்லலன்னா யார் வீட்டுப் பிள்ளையோ சாகும்."

கண்ணாடியைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். சொல்லமாட்டார் என்றே முடிவுகட்டினேன். அவரை நம்பாமல் நானும் சென்னைக்கு ரயிலேறி, பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடி போடாமல் சபைக்குள் வந்தார். தம் மசோதாவுக்குத் தாமே திருத்தம் கொண்டுவந்தார். பதில் வராவிட்டால் அனுமதி என்ற பிரிவை எடுத்துவிட வேண்டும், மருந்தைச் சாப்பிட்டு உடம்பு கெட்டுப்போனவர்களின் விவரத்தையும் வெளியிட வேண்டும் என்றார். "கெட்டுப்போனவன் எப்படி இருப்பான் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். இப்படி இருப்பான்" என்று தம் முகத்தைக் காட்டினார். சிலர் சிரித்தார்கள். மசோதா தோற்றது. கம்பெனிக்காரர் அதற்குப் பிறகு குற்றாலம் பக்கமே வரவில்லை.

கோமதி அடுத்த சாரலுக்கு முன்பே போய்விட்டாள். அவள் சாகும்போது இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தோம், இரண்டு பேராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு ஒரு நாள் முறையான அனுமதியோடு அந்த மருந்து கடைக்கு வந்தது. அதே மாத்திரை, அளவு மட்டும் பாதி. ஒழுங்காகச் சோதித்தவர்கள் அளவைக் குறைத்துக் கொடுத்தால் ஈரல் கெடாது என்று கண்டுபிடித்திருந்தார்கள். என் நோயாளிகள் பலர் அதில் பிழைத்தார்கள். அண்ணாச்சி கேள்விப்பட்டு வந்தார். புட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்மேல் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீரு சந்தேகப்பட்டதும் சரிதான் டாக்டரே. நான் அவசரப்பட்டதும் சரிதான். பிள்ளைதான் இல்ல" என்றார்.

அந்தக் கம்பெனிக்கும் அவருக்கும் நடுவே வேறு என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பங்களா வாடகையை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். துட்டி விசாரிக்கப் போன இடத்தில்கூட, வந்திருந்த மாலைகளில் யார் யார் பெயர் என்று பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவர் இருந்திருந்தால் திட்டியிருப்பார். அந்தத் திட்டைக் கேட்க இனி வழியில்லை என்று அப்போதுதான் உறைத்தது, அழுகை வந்தது.

சந்தேகம் என்னோடு பிறந்தது. அவர் எனக்கு விட்டுப்போனது அவசரம். முன்பெல்லாம் தீராத நோயாளியிடம், "புது மருந்து வரும், பொறுத்திருங்க" என்று எளிதாகச் சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது அந்த வார்த்தை வாயில் வருவதில்லை. எங்கே மருந்து இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் சோதிக்கிறார்கள் என்று விசாரித்து, அன்றைக்கே கடிதம் எழுதுகிறேன். பதில் வரத் தாமதமானால் ரயிலேறிப் போய் நிற்கிறேன். பொறுத்திருக்கச் சொன்னால் இன்னொரு கோமதி பொறுத்திருந்துவிட்டுப் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும்.