அண்ணியின் கடையிலிருந்து சொன்ன முடிவு

பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளி இன்றும் வானமெங்குமிருந்து நுண்ணலையாக வந்துகொண்டிருக்கிறது. அது அதிரும் திசைகளை வரைந்து பார்த்தால் அதில் மிக மெல்லிய சுழிப்பு ஒன்று இருக்கலாம். அது எவ்வளவு என்று மதிப்பிடுவதுதான் என் ஆய்வு. நமது விண்மீன் மண்டலத்துத் தூசியும் அதே போன்ற சுழிப்பைக் காட்டும் என்பதுதான் தொல்லை.

தீபாவளிக்கு மலைமேலுள்ள எங்கள் தேயிலை எஸ்டேட் வீட்டுக்கு வந்திருந்தபோது கணக்கு முடிந்தது. தூசியின் பங்கைக் கழித்ததும் நான் ஆசையாக வைத்திருந்த சிக்னல் காணாமல் போனது. மறுநாள் ஆய்வுக் குழுவிடம் இணையவழி விளக்க வேண்டும். மழையில் எங்கள் பக்கம் இணையமும் போய்விட்டது.

"கியா பார்ம்ல லைன் நல்லா இருக்கும்லா. கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டுக் கடைக்கு வா," என்றார் அண்ணி.

சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் மலைச் சந்தை அது; அவருக்கு அங்கே ஸ்ட்ராபெரிக் கடை. விடுமுறைக் கூட்டம் நெரிந்தது. பின்னாலிருந்த சரக்கறையில் பெட்டிகளை ஒதுக்கி எனக்கு மேசை போட்டுவிட்டு, சத்தம் போட்டவர்களை மலாய் மொழியில் கெஞ்சி அடக்கிக்கொண்டிருந்தார்.

நான் சொல்லி முடித்ததும் பேராசிரியர் கேட்டார். "அப்படியென்றால் சிக்னலே இல்லையா?"

"இருக்கலாம். இருந்தால் இந்த அளவுக்கு மேல் இருக்காது. அதுவரைதான் சொல்ல முடியும்."

அவர், "நேர்மையான வேலை. எழுதி அனுப்பு," என்றார்.

வெளியே வந்தேன்.

"கெடச்சிருச்சா?"

"இல்ல அண்ணி. எல்லாம் தூசி."

"ஐயோ! ஏசிட்டாங்களா?"

"இல்ல. நல்லாருக்கு, எழுதுன்னு சொன்னாங்க."

"அப்புறம் என்னாத்துக்கு அழுவுற?"

எனக்கே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் ஐஸ்கிரீம் பெட்டி ஓடாமல் நிற்பதைக் கவனித்தேன்.

"அது உறுமிக்கிட்டே இருந்திச்சு. நீ பேசுறது கேக்காதேன்னு நிப்பாட்டிட்டேன்," என்றார் அண்ணி. உள்ளே ஐஸ்கிரீம் கூழாகியிருந்தது. கூட்டம் அவ்வளவு இருந்த நாளில் அதை விற்க வழியில்லாமல் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கட்டுரை வெளிவந்தபோது நன்றி சொல்லும் பகுதியில் அவர் பெயரைப் போட்டேன். காட்டியதும், "நான் என்னா செஞ்சேன்?" என்று வெட்கப்பட்டார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தச் சாயங்காலம்தான். பனி இறங்கிய குளிரில் நாங்கள் இருவரும் கடைக்குள் உட்கார்ந்து, உருகிய ஐஸ்கிரீமை டீ கிளாசில் ஊற்றிக் குடித்தோம். பல் கிட்டியது. நிம்மதியாக இருந்தது.