மடங்காத முட்டியும் பின்சீட்டும்

முட்டி நோயாளியாக இருப்பது முழுநேர உத்தியோகம், சக முட்டிக்காரர்களே. ஓய்வு பெற்ற பிறகுதான் ஆள் எடுக்கிறார்கள்.

புலி

நான் மலேசியாவில், சுங்காயில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவன். தொடை எலும்பு முட்டிக்கு மேலே உடைந்து, ஈப்போவில் தகடு வைத்தார்கள். அதில் சீழ் பிடித்து, மறுபடி அறுத்து எடுத்தார்கள். வலிக்குப் பயந்து நான் காலை மடக்கவே இல்லை. அது கட்டை மாதிரி நீட்டியபடியே நின்றுவிட்டது.

எப்படி உடைந்தது என்று வார்டில் கேட்டார்கள். புலி துரத்தியது என்றேன். மறுநாள் இரண்டு புலி. மூன்றாம் நாள் குட்டிகளும் வந்தன. பக்கத்துக் கட்டில்காரர் உருகிப்போய் என் மனைவி பாக்கியத்திடம் விசாரித்தார். "புலியும் இல்ல, பூனையும் இல்லண்ணே. நிறுத்தி வச்ச மோட்டார் சைக்கிள்ல ஏறி உக்காந்து கதை சொன்னாரு. சாஞ்சிருச்சு."

சிக்னல்

மோட்டார் சாவி பாக்கியத்திடம் போனது. நாற்பது வருஷம் லோரி ஓட்டியவன் பின்சீட்டில். வலது கால் நடுரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். லகாட் சாலையில் ஒரு லோரி எங்களை முந்தாமல் வெகுதூரம் ஊர்ந்து வந்தது. சிவப்பு விளக்கில் டிரைவர் தலையை நீட்டினான்: "அங்கிள், சிக்னல் போட்டா திரும்பணும்லா!"

இருநூறு தடவை

முன்சீட்டைத் திரும்பப் பிடிக்கத்தான் மூன்றாவது ஆபரேஷனுக்குத் தலையாட்டினேன். எலும்போடு ஒட்டிப்போன தசையைப் பிரித்துவிட்ட டாக்டர், ஆறு வாரம் விடாமல் மடக்காவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றார். மறுநாளே என் காலை மெஷினில் கட்டி மடக்கினார்கள். நான் போட்ட சத்தத்தில் கிந்தா ஆறே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

வீட்டுக்கு வந்ததும் பழைய புத்தி. "தினம் இருநூறு தடவை மடக்குறேன்மா" என்று பிசியோதெரபிப் பெண்ணிடம் அளந்தேன். அவள் கோணம் பார்க்கும் அளவுகோலை முட்டியில் வைத்தாள். நாற்பது டிகிரி. போன வாரமும் நாற்பதுதான். இடுப்பைத் தூக்கி ஐம்பது காட்டப் பார்த்தேன். ஒரு கையால் அமுக்கினாள். "வாய் நல்லா மடங்குது அங்கிள், அதுக்குப் பயிற்சி வேணாம். முட்டியக் காட்டுங்க. இன்னும் மூணு வாரந்தான் இருக்கு."

தொண்ணூறு

அந்த மூன்று வாரம் நான் பொய்யே சொல்லவில்லை. அழுவதற்கே நேரம் சரியாக இருந்தது. பாக்கியம் கணுக்காலைப் பிடித்து அமுக்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். நான் கெட்ட வார்த்தையில் எண்ணுவேன். கடைசி நாள் அளவுகோல் தொண்ணூறைத் தொட்டது. சத்தியமாகத் தொண்ணூறு, நூற்றிருபது என்று எழுதத்தான் கை துடிக்கிறது.

மருத்துவமனை வாசலில் சாவிக்குக் கையை நீட்டினேன். பாக்கியம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மோட்டாரை ஸ்டார்ட் செய்து, என் காலை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாத்தான் மடங்குது. பின்னால ஏறி உக்காருங்க, போலாம்."

மூன்று முறை அறுபட்டு, ஆறு வாரம் கதறி நான் சம்பாதித்தது, பின்சீட்டில் இரண்டு காலையும் ஒழுங்காக வைத்துக்கொண்டு உட்காரும் உரிமைதான்.