கடலோரத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு

போன வருடம், புரட்டாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, கடலோரமாக இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவிலான அறிவியல் கண்காட்சி நடந்தது. போட்டியில் கலந்துகொண்டவன் என் மகன். நான் வண்டி ஓட்டிக்கொண்டு கூடப் போனவன், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு நடந்ததை அவனைவிட நான்தான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன்.

எங்களுக்குக் கருங்குழிப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல் போட்ட குடும்பம். நான் எட்டாவதோடு புத்தகத்தை மூடிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். இப்போது சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறேன். படிப்பு கம்மி என்றாலும் காது பெரிசு. பஸ்ஸில் யார் என்ன பேசினாலும் மனசுக்குள் போட்டு வைத்துக்கொள்வேன். ஷிஃப்ட் முடிந்து ஏறும் ஒருவர் ஒருநாள் சொன்னார்: "அண்ணாத்த, தூங்கறவன நம்பு. தூங்காமயே கண்ண மூடிகினு கீறான் பாரு, அவன் ஏதோ பிளான் போட்றான்."

கேட்டதும் எனக்கு என் மகன் ஞாபகம்தான் வந்தது. செங்கல்பட்டில் ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் அப்போது அவன் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தான். தினமும் சாயங்காலம், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு, லீவு நாளாக இருந்தாலும், எங்கே இருக்கிறானோ அங்கேயே கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவான். சாமி படத்துக்கு முன்னால் என்றில்லை. கட்டில் மேல், பம்ப்செட் ஓரம், ஒரு தடவை மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டில், அத்தனை ஹாரன் சத்தத்துக்கு நடுவில். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி அவன் வேலையைப் பார்ப்பான்.

என் அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. "இன்னாடா, உம் புள்ள சர்ச்சுக்குப் போயி வேதத்துல சேந்துட்டானா?" என்று கிண்டலாக ஆரம்பித்து, "பெருமாளுக்கு மொட்ட போட்ட புள்ளடா அது, பாத்துக்க" என்று மிரட்டலாக முடிப்பார்.

எனக்குப் பயம் என்று சொல்ல முடியாது. குடைச்சல் என்று சொல்லலாம். உள்ளே என்னதான் செய்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவனைக் கேட்டால், "ஸ்கூல் பழக்கம்பா" என்று இரண்டே வார்த்தையில் கதவைச் சாத்திவிடுவான். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது தலைமையாசிரியரான ஃபாதரிடமே கேட்டுவிட்டேன். "ஃபாதர், எம் புள்ள கண்ண மூடிகினு இன்னா பண்றான்?"

அவர் சிரித்துவிட்டார். "கடைசி பெல்லுக்கு முன்னால சர்ச் மணி அடிப்போம். எல்லாப் பசங்களும் ஒரு நிமிஷம் கண்ணை மூடுவாங்க. உள்ள அவன் என்ன பாக்குறான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நானும் உங்கள மாதிரி வெளியதானே நிக்கிறேன்."

கூட்டத்துக்குப் போகும்போது இருந்ததைவிடத் திரும்பி வரும்போது ஆவல் கூடிப்போயிருந்தது.

இப்போது கண்காட்சிக்கு வருகிறேன். மகனும் அவன் கூட்டாளியும் சேர்ந்து ஒரு கருவி செய்திருந்தார்கள். கூட்டாளி கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் மீனவக் குடும்பத்துப் பையன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குத் தவறாமல் போகிற வீடு, பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறான். கருவி ரொம்ப எளிமையானது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கம்பி, ஒரு பேட்டரி, ஒரு குட்டி பல்பு. தண்ணீரில் உப்பு ஏற ஏற பல்பு பிரகாசமாக எரியும். நல்ல தண்ணீர் என்றால் எரிவதே தெரியாது. கடலோர ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, சோதித்து, ஒரு பெரிய வரைபடத்தில் கலர் கலராகக் குண்டூசி குத்தியிருந்தார்கள். உப்புக்குச் சிவப்பு, நல்ல தண்ணீருக்குப் பச்சை.

கடலோரம் பூராவும் சிவப்பு. அதன் நடுவில், அலைக்கு ரொம்பக் கிட்டத்தில், ஒரே ஒரு பச்சை.

அந்தப் பச்சைதான் அன்றைக்குக் கதாநாயகன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் விரலை வைத்தார்கள். இந்தப் பையன்கள் அதற்குக் காரணமும் வைத்திருந்தார்கள்: பக்கத்தில் ஒரு மணல் மேடு இருக்கிறதாம், மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கித் தங்கி, உப்புத் தண்ணீரை நெருங்க விடாமல் தள்ளுகிறதாம். நடுவராக வந்திருந்த அம்மா, கல்பாக்கத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற மேசைகளைக் கடந்து போனவர் இங்கே நின்றுவிட்டார். "இது ரொம்ப சுவாரசியமா இருக்கே. நானே ஒருநாள் வந்து அந்தக் கிணத்தப் பாக்கணும்" என்றார். அவர் நகர்ந்ததும் கூட்டாளி என் மகன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். "மச்சான், ஃபர்ஸ்ட்டு நமக்குத்தான்!"

முதல் பரிசு என்றால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். என் மகன் அதுவரை எதற்காகவும் மேடை ஏறினவன் இல்லை. அவனைவிட எனக்குத்தான் தவிப்பு. பஸ்ஸில் பாதிப் பேரிடம் ஏற்கெனவே சொல்லியும் வைத்திருந்தேன்.

மத்தியானம் வீட்டில் கட்டிக் கொடுத்த புளியோதரையைப் பிரித்தோம். "இன்னிக்கு நானும் உங்க கட்சி" என்று சொல்லிக் கூட்டாளி தன் மீன் டப்பாவைத் திறக்காமலேயே மூடி வைத்துவிட்டு, எங்கள் பங்கிலும் கை வைத்தான். எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

மதிப்பெண் போட்டு முடித்துவிட்டார்கள், முடிவு சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது என்றார்கள். அந்த நேரம் பார்த்து, மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் மகன் கண்ணை மூடினான். சரி, வழக்கமானதுதான் என்று நானும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நிமிடம் நீண்டுகொண்டே போனது. புருவம் சுருங்கியது. கண்ணைத் திறந்தபோது அவன் முகம் வேறு மாதிரி இருந்தது.

"அப்பா, அந்தப் பச்சைக் கெணறு கீதே, அந்த வூட்ல ராட்டின சத்தம் கேக்கவே இல்லப்பா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனே விளக்கினான். தண்ணீர் பிடித்த அன்று அந்த வீட்டு அக்காவிடம் பாட்டிலைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். இவர்கள் வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பாட்டில் நிறைந்து வந்திருக்கிறது. மற்ற எல்லா வீட்டிலும் வாளி இறங்கும்போது ராட்டினம் கிரீச்சென்று கத்தியது இவனுக்கு நினைவிருக்கிறது. அந்த வீட்டில் மட்டும் இல்லை.

"வண்டிய எடுப்பா. போய்க் கேட்டுட்டு வந்துடலாம். கிட்டதான்."

கூட்டாளி குதித்தான். "டேய், உனுக்கு இன்னா பைத்தியமா? மார்க்கு போட்டாச்சுடா. ரிசல்ட் வரட்டும், அப்புறம் போய்க் கேட்டுக்கலாம்."

உண்மையைச் சொல்கிறேன், என் மனசும் கூட்டாளி பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் தெரிந்துகொள்கிற ஆசை ஒன்று இருக்கிறதே, அது என்னைச் சும்மா விடாது. கூட வந்திருந்த இவர்களின் அறிவியல் ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் வரைபடத்தில் அந்தப் பச்சையைத் தொட்டுப் பார்த்தார். "போய்ப் பாத்துட்டு வாங்கடா" என்றார்.

வண்டியில் போகும்போதுதான், முன்சீட்டில் இருந்த மகனிடம் மறுபடியும் கேட்டேன், கண்ணை மூடினால் உள்ளே என்ன நடக்கும் என்று. இந்தத் தடவை கதவைத் திறந்தான். "காலைல இருந்து நடந்தத ஒரு தபா ஓட்டிப் பாக்கணும்பா. யாரு நமக்கு நல்லது செஞ்சாங்க, நாம எங்க சறுக்கினோம்னு. சாமி கும்புட்றவன் அவன் சாமிகிட்ட சொல்லுவான். நான் நம்ம பெருமாள்கிட்ட சொல்லுவேன். இன்னிக்கு எல்லாரும் அந்தப் பச்சையப் பத்தியே பேசினாங்களா, அதக் குடுத்த அக்காவுக்கு நன்றி சொல்லலாம்னு நெனச்சேன். அவங்க பாட்டில எடுத்துகினு வந்தது கண்ணுல வந்துச்சி. சத்தம் மட்டும் வரல."

பின்சீட்டில் கூட்டாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வீட்டுப் பெண் எங்களைப் பார்த்ததும் சிரித்த முகமாக வெளியே வந்தார். மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ கண்ணு! வெயில்ல வந்த புள்ளைங்க, குடிக்கத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சி கேன் தண்ணி ஊத்திக் குட்தேன். அந்தக் கெணத்துத் தண்ணிய மனுசன் வாயில வெப்பானா? பாத்திரம் கழுவத்தான் ஆவும். அதப் போயி நான் புள்ளைங்க கையில குடுப்பனா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது. கடலோரத்து அதிசயம் என்று ஊரே வியந்தது வேறொன்றும் இல்லை, காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த தண்ணீரை யார் பெற்ற பிள்ளைக்கோ ஒரு பெண் ஊற்றிக் கொடுத்தது.

விஷயம் புரிந்ததும் அவர் பதறிவிட்டார். "தப்பா பூட்ச்சா கண்ணு? என்னாலயா?"

"இல்லக்கா. எதுக்குன்னு நாங்கதான் சரியாச் சொல்லல" என்றான் மகன்.

"அப்ப ஒண்ணு செய். சொல்லாத உட்டுடு. நான் சத்தியமா யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்."

கூட்டாளி பெருமூச்சு விட்டான். "பாரு மச்சான், அக்காவே சொல்றாங்க."

மகன் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். ராட்டினம் கத்திய கத்தலில் ஆட்டுக்குட்டி மிரண்டு ஓடியது.

திரும்பி வரும் வழியெல்லாம் கூட்டாளி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, முடிவு அறிவித்த பிறகு போய்ச் சேரலாமா என்று ஒரு எண்ணம் என் காலுக்குள் வந்து போனது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, நாங்கள் போனபோது நடுவர் இன்னும் மேடை ஏறவில்லை.

மகன் பாட்டிலோடு அவர் முன்னால் போய் நின்றான். "மேடம்..." என்று இழுத்தான். அப்போது, வழி முழுக்க வேண்டாம் வேண்டாம் என்று வந்தவன், அந்தக் கூட்டாளி, ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"மேடம், அந்தப் பச்சை தப்பு. அது கேன் தண்ணி. பாட்டில உள்ள அனுப்பிட்டு நாங்க ரெண்டு பேரும் ஆட்டுக்குட்டியோட ஆடிகினு இருந்தோம்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார். "இத யாராவது வந்து உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்ல மேடம். நாங்களே போய்க் கேட்டோம்."

புதுத் தண்ணீரை டம்ளரில் ஊற்றச் சொன்னார். பல்பு பளிச்சென்று எரிந்தது. அவ்வளவு பிரகாசமாக அன்றைக்கு அது ஒரு தடவைகூட எரியவில்லை.

"சரி, அப்போ உங்க மணல் மேடு?"

"அது பூட்ச்சி மேடம்" என்றான் கூட்டாளி. அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே தான் போட்டிருந்த மதிப்பெண்ணைக் குறைத்துத் திருத்தினார். விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், திருத்தியதுதான் இந்தப் பையன்களுக்கு அவர் கொடுத்த மரியாதை என்று தோன்றுகிறது.

முதல் மூன்று இடத்திலும் இவர்கள் பெயர் வரவில்லை. வேறொரு பள்ளிப் பையன்கள் மேடை ஏறினார்கள். என் மகன் கை தட்டினான். முழு மனசோடு தட்டினான் என்று சொன்னால் பொய், ஆனாலும் தட்டினான்.

திங்கட்கிழமை பள்ளியில் ஃபாதர் இருவரையும் காலை வழிபாட்டில் முன்னால் கூப்பிட்டாராம். ஏதோ புகழப் போகிறார் என்று பார்த்தால், வரைபடத்தைப் பிடித்துக் காட்டச் சொல்லி, எல்லோர் எதிரிலும் பச்சையைப் பிடுங்கிச் சிவப்பைக் குத்தச் சொன்னாராம். வேறு ஒரு வார்த்தை இல்லை. அதற்கு மொத்தப் பள்ளியும் கை தட்டியதாம்.

ஆனால் எனக்கு மறக்காதது அதுவல்ல. கண்காட்சி நடந்த அன்று சாயங்காலம் கூட்டாளியை விடுதியில் இறக்கிவிட்டு, நாங்கள் இருவரும் தனியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். "வருத்தமா கீதாடா?" என்றேன்.

"கீதுப்பா. ரொம்ப கீது." கொஞ்ச தூரம் போனதும் அவனாகவே சொன்னான்: "ஆனா பயம் இல்ல. ஜெயிச்சிருந்தா, அந்த மேடம் என்னிக்கு அந்தக் கெணத்தப் பாக்க வருவாங்களோன்னு பயந்துகினே இருந்திருப்பேன்."

அவனுடைய வருத்தம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது, என் அண்ணன் கிண்டலும் மெல்ல ஓய்ந்துவிட்டது; தோற்றுவிட்டு வந்த ஒரு பிள்ளையின் முகத்தில் பயமே இல்லாமல் இருந்ததைப் பக்கத்து சீட்டில் அன்றைக்குப் பார்த்தேனே, நான் கும்பிடும் பெருமாளிடம் அதன் பிறகு எனக்கென்று கேட்பது அந்த ஒன்றைத்தான்.