கார்லா நியெமிக்கு அண்ணன் கொடுத்தது

அமெரிக்காவின் டுலூத் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டிய கார்லா நியெமியைத் தெரியாத பிள்ளைகள் எங்கள் பகுதியில் குறைவு. ஏரியிலிருந்து பனிக்காற்று அறையும் காலையிலும், செங்குத்தான தெருக்களில் வண்டியை வழுக்கவிடாமல் இறக்கிவிடுவாள். பிள்ளைகளை அதட்டவே மாட்டாள். கண்ணாடியில் ஒருமுறை பார்ப்பாள், பேருந்து அடங்கிவிடும். நானும் அதே பணிமனையில் ஓட்டுநராக இருந்தவள்.

அவளுக்கு ஓர் அண்ணன், ரெய்னோ. கப்பல்களில் இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் வேலை. மனைவி பிரிந்துபோன பின் குடியில் விழுந்தான். ஒருநாள் தள்ளாடிக்கொண்டே வண்டியை எடுக்கப் போனவனிடமிருந்து கார்லா சாவியைப் பிடுங்கினாள். அவன் குடியை அடியோடு விடும்வரை திருப்பித் தரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க வேலைக்கு நடந்தே போனான். அவளைத் திட்டாத நாளில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவான்.

ஐம்பத்தாறு வயதில் கார்லாவுக்கு வயிறு இடப்பக்கமாகப் பெருக்கத் தொடங்கியது. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியும் ஸ்டியரிங் இடித்தது. நாங்கள் கேலி செய்தோம், அவளும் சிரித்தாள். படியேற மூச்சு வாங்கிய பிறகுதான் மருத்துவரிடம் போனாள். எலும்பு மஜ்ஜையில் வடு போல நார் படர்ந்துவிட்டது என்றார்கள். ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்களுக்கு அங்கே இருக்க இடமில்லை. அவை வெளியேறி மண்ணீரலில் போய்த் தங்கியதால்தான் வயிறு வீங்கியிருந்தது.

வேறொருவரின் மூலச் செல்களைச் செலுத்துவதுதான் ஒரே வழி. ரெய்னோவுடையது பொருந்தியது. மினியாபொலிஸ் மருத்துவமனையில் அவன் கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் செல்களைப் பிரித்தார்கள். அதற்கு முன்பே கடுமையான மருந்து கொடுத்து கார்லாவின் நோயுற்ற செல்களை அழித்திருந்தார்கள். முடியெல்லாம் கொட்டி, வாயெல்லாம் புண்ணாகிக் கிடந்தாள். ரெய்னோவின் செல்கள் சின்னப் பையிலிருந்து குழாய் வழியே இறங்கின. பார்க்க அதில் ஒன்றுமில்லை.

ஒரு மாதத்துக்குள் புது ரத்தம் ஊறத் தொடங்கும் என்று எதிர்பார்த்தோம். ஊறவில்லை. காய்ச்சல் விடாமல் அடித்தது. மற்றவர்கள் தந்த ரத்தத்தில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறைக்கு அவளுக்குப் பின்னால் வந்தவர் தேறி வீட்டுக்கே போய்விட்டார். ரெய்னோ சாப்பாட்டைக் குறைத்தான், பேச்சை நிறுத்தினான். கடைசியில் கார்லாவைக் கவனித்துவந்த டாக்டர் பெலாஞ்சரை வராந்தாவில் வழிமறித்தான். நானும் கூட நின்றேன்.

"டாக்டர், ஒளிக்காம சொல்லுங்க. வருஷக்கணக்கா குடிச்சவன் நான். என் செல்லுதான் வீணாப்போச்சா?"

அந்தம்மா அவனை நாற்காலியில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க செல்லுல ஒரு குறையும் இல்லை, ரெய்னோ. மஜ்ஜைங்கறது காலிப் பை இல்லை. அங்க எலும்பை ஒட்டியும் ரத்தக்குழாயை ஒட்டியும் வேற செல்லுங்க இருக்கு. வர்ற மூலச் செல்லைக் கூப்பிட்டு நிறுத்தி, உறங்க வெச்சு, தேவைப்படறப்ப எழுப்பறது அதுங்கதான். உங்க தங்கச்சி உடம்புல அந்த இடத்தையே நோய் கெடுத்துருச்சு. பாதிச் செல்லு வழி தெரியாம மண்ணீரலுக்குப் போயிருக்கும்."

"அப்ப இடம் சரியாகவே ஆகாதா?"

"நாரை வளர்த்தது நோய்தான். அதை அழிச்சாச்சு. உங்க செல்லு அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சா நார் கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். தாக்குப்பிடிக்கும்னு நான் வாக்குத் தர முடியாது."

அன்றைக்கு ரெய்னோ சூப் குடித்தான்.

ஏப்ரலில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை மெதுவாக ஏறியது. கார்லா வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருடம் இடுப்பெலும்பில் ஊசி குத்திப் பார்த்தபோது நார் ஏறக்குறைய கரைந்திருந்தது. மண்ணீரல் சுருங்கியிருந்தது. அவள் ரத்தப் பிரிவுகூட அண்ணனுடையதாக மாறியிருந்தது. "இனிமே என்னை மாதிரி திட்ட ஆரம்பிக்காம இருந்தா சரி," என்றான் ரெய்னோ.

ஆனால் கார்லாவின் கண்கள் வறண்டுபோயின. பேருந்து ஓட்டுவதை அவளாகவே நிறுத்திக்கொண்டாள். பணிமனையில் உட்கார்ந்து வானொலிக் கருவியில் எங்களுக்கு வழி சொன்னாள். மூன்றாம் வருடம் நுரையீரல் இறுகத் தொடங்கியது. அண்ணனின் செல்களில் இருந்து வந்த ரத்தம் தங்கையின் கண்ணையும் நுரையீரலையும் அந்நியமென்று நினைத்துத் தாக்குகிறது என்றார் டாக்டர். மருந்துகள் அதைத் தள்ளிப்போட்டன, நிறுத்தவில்லை.

கடைசிக் குளிர்காலத்தில் மூக்கில் குழாயோடு சோபாவில் படுத்திருந்தாள். ரெய்னோ காலடியில் உட்கார்ந்து, "எங்கிட்டேர்ந்து வந்ததுதான் உன்னைக் கொல்லுது," என்றான்.

கார்லா மூச்சைச் சேர்த்துக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

"அது இல்லாட்டி அப்பவே போயிருப்பேன். என் பேத்தி பொறந்தா, அவ நடந்தா, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திமிர் பண்ணினா. எல்லாம் பார்த்துட்டேன். இதுக்கு மேல நீ எங்கிட்ட மன்னிப்பு கேட்டேன்னா எந்திரிச்சுப் போயிடு."

அவன் எழுந்து போகவில்லை.

பிப்ரவரியில் போனாள். மண் உறைந்து கிடந்ததால் மே மாதம் வரை உடலைக் கல்லறைத் தோட்டத்துக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். புதைத்த அன்று ஏரியில் இன்னும் பனிப்பாளங்கள் மிதந்தன. ரெய்னோ முதல் பிடி மண்ணைப் போட்டான். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தான். நானும் கார்லாவின் மகளுமாகத்தான் அவனைத் தூக்கி நிறுத்தினோம்.