எதிர்க்கடைப் பலகையின் வெளிச்சம்

நான் பார்சி. சென்னை ராயபுரத்தில் பிறந்து, வீட்டில் குஜராத்தியும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவள். இப்போது இருப்பது பாரிஸில், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில். அங்கே இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "அப்ப நீங்கள் முஸ்லிமோ, வேதக்காரரோ?" என்பார்கள். முஸ்லிமும் இல்லை, கிறிஸ்தவளும் இல்லை, ஜரதுஷ்டிர மதம் என்றால் முகம் இன்னும் குழம்பும். விளக்க எனக்குப் பொறுமை போதாது. சிரித்துவிட்டு முருங்கைக்காய் பொறுக்கப் போய்விடுவேன்.

எங்களுக்கு இடுப்பில் ஒரு கம்பளிக் கயிறு உண்டு. பெயர் குஸ்தி, மல்யுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலையில் வெளிச்சத்தைப் பார்த்து நின்று, பிரார்த்தனை சொல்லியபடி அதை அவிழ்த்து, உதறி, மூன்று சுற்றுச் சுற்றி மறுபடி முடிச்சுப் போட வேண்டும். சூரியன் இல்லாவிட்டால் விளக்கு போதும். பாரிஸ் குளிர்காலத்தில் ஏழு மணிக்கு ஏது சூரியன்? என் ஜன்னலுக்கு நேர் எதிரே யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் மளிகைக்கடை. அதன் பெயர்ப்பலகை அந்நேரத்துக்கே பச்சையும் சிவப்புமாக எரியும். மூன்று வருடம் அதைப் பார்த்தே கட்டினேன். வீட்டில் விளக்கில்லையா என்றால், இருக்கிறது. மேசை விளக்கின் முன் நின்றால் பரீட்சைக்குப் படிப்பது போலிருக்கும்.

போன குளிர்காலத்தில் மனம் படுத்துவிட்டது. காரணம் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. எழுந்திருப்பதே பெரும்பாடு. நான் இல்லாமல் போய்விட்டால் நிம்மதி என்று ஓர் எண்ணம் தினமும் வந்தது. மருத்துவரிடம் போனேன். மனதில் என்ன எண்ணங்கள் வருகின்றன என்று கேட்டார்.

"நல்ல எண்ணங்கள்தான்" என்றேன்.

ஒரு பார்சியைத் தவிர வேறு யாரும் மருத்துவரிடம் இப்படிப் பொய் சொல்லமாட்டார்கள். நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல்: எங்கள் மதமே இந்த மூன்றுக்குள் அடக்கம். முதல் படியிலேயே வழுக்கி விழுந்தவள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். இப்படிப்பட்ட மனதோடு கயிற்றைத் தொடக் கூடாது என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். கயிறு அலமாரிக்குள் போனது. ஜன்னல் திரையையும் இழுத்து மூடினேன்.

மூன்று வாரம் கழித்து, பால் வாங்க எதிர்க்கடைக்குப் போனேன்.

"என்ன தங்கச்சி, இப்ப உங்களை யன்னலடியிலை காணக் கிடைக்கேல்லை?" என்றார் அக்கா.

தூக்கிவாரிப் போட்டது. "என்னைப் பாத்திருக்கீங்களா?"

"ஓம், பின்னை? விடிய ஏழு மணிக்கு மரக்கறி வான் வரும். சாமான் இறக்கேக்கை பாக்கிறனான். கயித்தை உதறி உதறிக் கட்டுவியள். ஒருநாள் நான் போர்ட் லைற் போடேல்லை. நீங்கள் கட்டாமல் அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். அண்டைக்குத்தான் விளங்கிச்சுது. அதுக்குப் பிறகு வந்தவுடனை முதல் வேலை அந்த லைற்றைப் போடுறதுதான்."

"கடை திறக்கிறது ஒன்பதுக்குத்தானே?"

"ஒன்பதுக்குத்தான். ஏழு மணிக்கு ஆர் வெங்காயம் வாங்க வரப்போகினம்?"

"இந்த மூணு வாரமுமா போட்டீங்க?"

"போடாமல்? நீங்கள் எந்த நாள் வருவியளெண்டு எனக்கென்னெண்டு தெரியும்?"

கையில் பாலோடு அங்கேயே நின்று அழுதேன். கடையில் நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மறுநாள் முகம், கை கால் கழுவித் திரையை விலக்கினேன். பலகை எரிந்துகொண்டிருந்தது. கயிற்றை எடுத்துக் கையில் பிடித்தேன். வரிகள் தானாக வாயில் வந்தன. நான் நினைத்த தீய எண்ணங்களுக்கெல்லாம் வருந்துகிறேன் என்று பொருள்படும் இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. சிறுவயதிலிருந்து தினமும் சொல்லிவந்த வரி. தீய எண்ணமே வராதவர்களுக்கு இதை யார் தினமும் சொல்லக் கொடுப்பார்கள்? இத்தனை வருடம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறேன். என்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த வரியை மறுபடி, பொருளை நினைத்துச் சொல்லி, முடிச்சைப் போட்டேன்.

கீழே அக்கா வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அன்றே மருத்துவரைக் கூப்பிட்டு நேரம் வாங்கினேன். அவர் அதே கேள்வியைத்தான் கேட்டார். போன தடவை பொய் சொன்னேன் என்றேன். பிறகு, இல்லாமல் போய்விடலாம் என்று தினமும் தோன்றுகிறது என்பதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.