லாபிர் சேரும் சொப்பிங் பேக் யானையும்

லாபிர் சேர் மௌத்து. காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் சொன்னார்கள்.

பத்து மணிக்குள் என் ஃபேஸ்புக் முழுக்க அவர் படம். பக்கத்தில் அந்த யானை. "குப்பைக்கு உயிர் கொடுத்த கலைஞர்" என்று ஒருவர் எழுத, நூறு பேர் ஷெயார் பண்ணியிருக்கிறார்கள்.

மௌத்தானவரைக் குறை சொல்லக் கூடாது என்று கமெண்ட் போட வருகிறவர்கள் முழுதும் வாசித்துவிட்டுப் போடுங்கள்.

கல்முனைக் குப்பையெல்லாம் வந்து இறங்கும் கொட்டிலில் நான் பொலித்தீன் பிரித்தேன். கூட பாண்டிருப்புக் கமலா அக்கா. லாபிர் சேர் எங்கள் சுப்பர்வைசர். மூக்கில் லேஞ்சித் துணியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார்... உள்ளே வரமாட்டார்.

பின்னாலுள்ள குப்பை மேட்டுக்கு யானைகள் வரும். ஒருநாள் யானைச் சாணத்துக்குள் ஒரு சொப்பிங் பேக் கிடந்தது. கடையின் பெயர்கூட அழியவில்லை.

கமலா அக்கா அதைக் கழுவிக் காயப்போட்டா. அதில்தான் நாங்கள் யானை செய்யத் தொடங்கியது.

நாலைந்து பையை அடுக்கி, மேலே பேப்பர் வைத்து, பழைய அயன்பெட்டியால் அழுத்தினால் ஒன்றாக ஒட்டித் தோல் மாதிரி வரும். சுருக்கம் விழும். யானைத் தோலேதான்.

எலும்புக்கு உடைந்த குடைக் கம்பி, சைக்கிள் ரிம். வேலை முடிந்த பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக... மாதக்கணக்கில். என் கையில் சூடுபட்ட தழும்பு இப்போதும் இருக்கிறது.

சேர் பார்த்துவிட்டுச் சிரித்தார். குப்பை பிரிக்க வந்தால் குப்பையைப் பிரிக்க வேண்டுமாம், விளையாடக் கூடாதாம்.

பிறகு கொழும்பில் கண்காட்சி என்று கடிதம் வந்தது. நான் லீவில் நின்ற அன்று லொறி வந்து யானையை ஏற்றிக்கொண்டு போனது.

அங்கே யானையின் காலடியில் ஒரு அட்டை. அதில் ஒரே ஒரு பெயர். லாபிர் சேருடையது.

அது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவரே கோல் எடுத்தார். அட்டையில் இவர் பெயரைப் பார்த்துவிட்டுப் பத்திரிகைக்காரர் வந்து பக்கத்தில் நிற்கிறாராம், யானையின் கண்ணை எதால் செய்தது என்று கேட்கிறாராம்.

அது இருமல் மருந்துப் போத்தலின் அடிக்கண்ணாடி. நான் மோட்டார் சைக்கிள் சிக்னல் லைட் என்று சொன்னேன்.

அப்படியே பேப்பரில் வந்தது. நானும் கமலா அக்காவும் கொட்டிலில் இருந்து சிரித்தோம்... பிறகு கமலா அக்கா அழுதுவிட்டா.

அவர் திரும்பி வந்ததும் நேரே போய்க் கேட்டேன்.

"குப்ப பொறுக்கிற ரெண்டு பொம்புளட பேரப் போட்டா ஆரு புள்ள வந்து பாப்பாங்க?" என்றார். கோபமே இல்லாமல். அதுதான் இன்னும் எரிகிறது.

அடுத்ததாக ஒரு மான் செய்யச் சொன்னார். முடியாது என்றேன். அடுத்த கிழமையே என்னைச் சந்தை ரோட்டைக் கூட்டப் போட்டார்கள். கமலா அக்கா வேலையை விட்டுட்டா.

இன்று பகல் சேரின் மகள் கோல் எடுத்தா. நல்ல பிள்ளை, அவவில் எனக்குக் கோபமில்லை.

"ராத்தா, அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கப் போறம். வாப்பாவப் பொறுத்துக்கங்க."

எதைப் பொறுக்க வேண்டும் என்று வாப்பா சொன்னாரா என்று கேட்டேன். கதவொன்றைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அந்த யானை உங்கட எண்டு ஆஸ்பத்திரியில வெச்சிச் சொன்னவரு."

"அத நீங்க ஃபேஸ்புக்ல போடுங்க. நான் பொறுத்துக்கிறன்."

மையித்து வீட்டில் ஆட்கள் நிறைய என்றா. குடும்பத்துக்கு மரியாதை போய்விடும் என்றா. பிறகு லைன் கட்டாகிவிட்டது.

அஸர் முடிந்துவிட்டது. இதுவரை அவ ஒன்றும் போடவில்லை.

ஆகவே நானே போடுகிறேன். அந்த யானையைச் செய்தது பாண்டிருப்புக் கமலா அக்காவும் நானும்.

போய்ச் சேருங்க சேர். மிச்சத்தை மறுமையில் கதைப்போம்.